ரயிலேறி வந்த விரால்கள்

பச்சைத் தண்ணீருக்குள் கையை மெல்ல இறக்கினால் முதலில் நகங்கள் மங்கும்; பிறகு விரல்கள் கரையும்; முழங்கை நனையும் வேளையில் உள்ளங்கை என்ற ஒன்று நமக்கு இருந்ததற்கான அடையாளமே இராது. வெயிலில் சூடேறிய மேல்தண்ணீருக்குக் கீழே திடீரெனக் குளிர்ந்த இன்னொரு தண்ணீர் விரல்நுனியைத் தொடும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து தோலைக் கொத்திவிட்டுப் போகும். நாங்கள் வீரிட்டுக் கையை உருவிக்கொள்வோம். தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்புறம் இருந்த குட்டையின் கரையில், சிறுமிகளாகிய நாங்கள் குந்தியிருந்து ஆடிய இந்த விளையாட்டுக்குக் "கைமுழுங்கி" என்று பெயர். எவளுடைய கை முதலில் மறைகிறதோ அவளே வென்றவள். பெருநாளுக்கு மருதாணி இட்ட கை மற்றக் கைகளைவிடச் சீக்கிரம் மறைகிறது என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த இரகசியத்தை எவளுக்கும் சொல்லவில்லை.

எப்போதோ யாரோ மண் வெட்டி எடுத்துச் சென்ற பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி உண்டான குட்டை அது. ஒரு பக்கம் எங்கள் தகரக் கூரைகள். மறுபக்கம் நாணலும் முட்செடிகளும். அவற்றுக்கும் அப்பால் சயான் நோக்கி ஓடும் ரயில்கள். தமிழரல்லாதார் அதனைத் "தலாவ்", அதாவது ஏரி, என்றனர். அது அந்தக் குட்டைக்குச் சற்று மிகையான மரியாதைதான். ஆயினும் ஓர் ஏரிக்குரிய பெருமை ஒன்று அதற்கு இருந்தது: அதற்குள் வந்து சேரும் ஓடை எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அந்த ஓடை மலையில் பிறந்ததன்று. இட்லிக்காரர்களின் வாசலில் பிறந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, விடியுமுன் இட்லி அவித்து, மாட்டுங்கா வரையிலும் செம்பூர் வரையிலும் சைக்கிளில் கொண்டுசென்று விற்ற குடும்பங்கள் எங்கள் சந்தில் பல. அவர்கள் உளுந்தும் அரிசியும் களைந்து ஊற்றிய "கழனி" வெள்ளைவெளேரென்று ஒரு சிறு வாய்க்காலில் இறங்கிக் குட்டையில் கலக்கும். பாலாக உள்ளே போகும் தண்ணீர் எவ்வாறு பச்சையாக ஆகிறது என்பதுதான் என் வாழ்நாளின் முதல் ஆராய்ச்சி.

பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் படித்தவளல்லள். தழைச்சத்து, மணிச்சத்து, உணவு வலை முதலிய சொற்களை, மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களிலிருந்து பிற்காலத்தில் நானே கற்றுக்கொண்டேன். ஆனால் அச்சொற்கள் குறிக்கும் பொருள்களையெல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே கண்ணாரக் கண்டிருந்தேன் என்பதை அறிந்தபோது நான் அடைந்த பரவசத்துக்கு அளவில்லை! கழனியின் சத்தையும் வெயிலையும் உண்டு பாசித்துகள்கள் பெருகுகின்றன. அதுவே அந்தப் பச்சை. அந்தப் பச்சையை மேய்வதற்கு, ஊசிமுனையளவே உடம்பு கொண்ட, துள்ளித் துள்ளி நீந்தும் பூச்சிகள் இருந்தன. எங்கள் வழக்கில் "தத்துப்பூச்சி". தத்துப்பூச்சியையும், தலைகீழாகத் தொங்கி நெளியும் கொசுப்புழுவையும் தின்பதற்குக் "கப்பி" என்னும் வண்ணவால் குறுமீன்கள் கூட்டங்கூட்டமாய் இருந்தன. கப்பியைத் தின்னக் கொக்கு வந்தது. கப்பி, நத்தை, பாசி என்று அகப்பட்ட அனைத்தையும் தின்ன வாத்துகள் இருந்தன. வாத்தின் எச்சம் மீண்டும் தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீர் மீண்டும் பச்சையாயிற்று. பகல் முழுதும் அங்கே ஒரு பெரிய விருந்து நடந்துகொண்டேயிருந்தது. அதில் விருந்தாளி யார், பதார்த்தம் யார் என்பது மட்டும் நொடிக்கு நொடி மாறியது.

அந்த வாத்துகளுக்கு உடைமைக்காரர் என் மைமூன் சாச்சி. என் வாப்பாவின் தம்பி மனைவி. சாச்சா காலமான பிறகு, மேலப்பாளையத்திலிருந்த தம் அண்ணன் வந்து அழைத்தும் போகாமல், வாத்து முட்டை விற்று, எங்கள் வீட்டுக்கு அடுத்த அறையில் தனியே வாழ்ந்தவர். "அண்ணன் வீட்டுல சோறு கெடைக்கும்ட்டி. ஆனா தட்டுல விழுதப்போ ஒரு சத்தம் கேக்கும் பாரு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு என்னால திங்க முடியாது" என்பார். ஆகவே குட்டை இருந்தால் வாத்து உண்டு. வாத்து இருந்தால் சாச்சி உண்டு. இக்கணக்கு எங்கள் சந்தில் குழந்தைகளுக்கும் தெரியும்.

குட்டையின் ஆயுள் அரசாங்கத்து மனிதர் ஒருவரின் கையில் இருந்தது. மாதத்துக்கொருமுறை, நீண்ட காம்புடைய வெள்ளைக் கரண்டி ஒன்றை ஏந்தியபடி "மலேரியாக்காரர்" வருவார். தேங்கிய தண்ணீரில் கரண்டியை முக்கி எடுத்து உற்று நோக்குவார். கொசுப்புழு நெளிந்தால் அந்தப் பள்ளத்துக்குக் கறுப்பெண்ணெய். அதற்கும் அடங்காவிட்டால் லாரியில் இடிபாட்டு மண். சுற்றியிருந்த பள்ளங்கள் பல அவ்வாறு மூடப்பட்டன. எங்கள் குட்டையில் மட்டும் அவர் கரண்டியில் பச்சைத் தண்ணீரும், தவறி ஏறிய ஒன்றிரண்டு கப்பிகளுமே வரும். "சாஃப் ஹை, மௌசி" என்று, சாச்சியைச் சின்னம்மாவாக்கி, இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இவ்வளவு அழுக்கான குட்டையை அவர் சுத்தம் என்கிறாரே என்று நாங்கள் சிரிப்போம்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் சுடலைமுத்து அண்ணாச்சி விரால்களைக் கொண்டுவந்து விட்டார்.

அண்ணாச்சி இட்லிக்காரர், என் தோழி பொன்னியின் தகப்பனார், தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். பம்பாய்க் கடல் மீனை அவர் மீன் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. ஒரு கோடையில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனவர், திரும்பி வரும்போது மூடியில் துளையிட்ட அலுமினியத் தூக்குவாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார். உள்ளே விரலளவு நீளத்தில் கறுத்த விரால் குஞ்சுகள் உயிரோடு புரண்டன! விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். ஆகையால் கொஞ்சம் தண்ணீரிலேயே அவ்வளவு தூரமும் தாங்கிவிட்டது. சந்தே திரண்டு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தது.

"குண்டக்கல்லுல ஒரு தண்ணி மாத்தினேன், சோலாப்பூர்ல ஒரு தண்ணி. டிக்கெட் பாக்க வந்தவன், வாளிக்குள்ள என்னய்யான்னான். ஊர்த் தண்ணின்னுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"மீனுக்கு டிக்கெட் எடுத்தீரா வே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதுக உக்காரவா செய்யுது? நின்னுக்கிட்டேதான வந்துச்சு!"

அன்று அவற்றைக் குட்டைக்குள் விட்டபோது எழுந்த ஆரவாரத்தை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கரையில் நின்றவர்கள் அப்போதே விரால் குழம்புக்குப் புளி கரைக்கத் தொடங்கிவிட்டார்கள் எனலாம். சாச்சியும் முக்காட்டுக்குள் சிரித்தார். "அண்ணாச்சி, மொதக் குழம்புல நடுத்துண்டு எனக்கு. குட்டைக்கு வாடகை" என்றார்.

மழை வந்தது, குட்டை விரிந்தது, விரால்கள் தழைத்தன. நாணலுக்கிடையில் "பளக்" என்று ஒலி கேட்கும். அண்ணாச்சி அந்த ஒலியைச் சங்கீதம் போல் தலையசைத்துக் கேட்பார். மழை ஓய்ந்து சில்லென்ற காற்று வீசத் தொடங்கிய நாளில் ஓர் அதிசயம் புலப்பட்டது. கைமுழுங்கி ஆடுவதற்காகக் கையை விட்ட பொன்னி, "ஏட்டி, என் கை போகவே மாட்டேங்குது!" என்று கத்தினாள். நானும் விட்டேன். முழங்கை நனைந்தது, தோள் வரை நனைந்தது, ஐந்து விரல்களும் அடித்தரையிலிருந்த நத்தைகளும் கண்ணாடிக்குள் இருப்பவை போலத் தெரிந்தன. தண்ணீர் தெளிந்துவிட்டது!

அந்தத் தெளிவைக் கண்டு சந்து முழுவதும் மகிழ்ந்தது. வாத்துகளின் கால்கள் துடுப்புப் போடுவதை மேலிருந்தே பார்க்க முடிந்தது. விராலின் வயிற்றில் தாமிரபரணியே வந்து தண்ணீரைக் கழுவிவிட்டதாக அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார், எல்லோரும் நம்பினோம். கப்பிகளின் வண்ணவால் கூட்டம் எங்கே என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறை வந்த மலேரியாக்காரர் நாணலோரத்தில் கரண்டியை முக்கி எடுத்தார். பிறகு கரண்டியைச் சாச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைக் கரண்டிக்குள் கொசுப்புழுக்கள் கொத்துக்கொத்தாய் நெளிந்தன.

"மௌசி, யே க்யா ஹை? பூரா மச்சர்!" என்றார்; முழுக்கக் கொசு என்று பொருள். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் எண்ணெய் ஊற்றுவதாகவும், பின்னாலேயே மண் லாரி வரும் என்றும் இந்தியில் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது.

எண்ணெய் விழுந்த தண்ணீரில் வாத்து நீந்தாது. இறகு ஒட்டிக்கொண்டு அமிழ்ந்துபோகும். அன்று மாலை சாச்சி கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் துடைத்து, கொடியில் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அதற்குள் வைக்கலானார். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஊருக்கா சாச்சி?"

"பின்னே? குட்டைய மூடிட்டு, வாத்தை அடுப்படியிலயா நீந்த விடுவேன்?"

அவர் வேடிக்கையாகவே சொன்னார். ஆனால் மடிப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டு மாடத்தில் நான் கண்ணாடிப் புட்டியொன்றில் கப்பிகள் சிலவற்றை வளர்த்து வந்தேன். விரால்கள் வருவதற்கு முன்பே பிடித்தவை. அழுகையோடு வீடு திரும்பிய நான், புட்டியில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, குட்டையிலிருந்து ஒரு குவளை மொண்டுவந்து ஊற்றினேன். அதோடு கொசுப்புழுக்களும் உள்ளே விழுந்தன. அடுத்த கணம் புட்டிக்குள் மின்னல் வெட்டியது போலிருந்தது! கப்பிகள் பாய்ந்தன, திரும்பின, மீண்டும் பாய்ந்தன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் ஒரு புழுகூட மிச்சமில்லை. இன்னொரு குவளை ஊற்றினேன், அதுவும் தீர்ந்தது. புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "சாச்சி! கப்பி திங்குது சாச்சி! நம்ம கப்பிதான் தின்னுக்கிட்டு இருந்திருக்கு!" என்று கூவியபடி நான் ஓடிய ஓட்டத்தில் சந்தின் கதவுகள் அத்தனையும் திறந்தன.

சாச்சி புட்டியைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியின் வாசலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க விராலு எங்க கப்பியத் தின்னுப்புட்டு. அதை வெளிய எடுங்க" என்றார்.

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "என்ன தங்கச்சி பேசுதிய? இந்தத் துண்டு மீனையா என் விரால் தேடும்? அது தவளையத் திங்கும், புழுவத் திங்கும். தண்ணியத் தெளிய வச்சதே அதுதான்!"

"தெளிஞ்ச தண்ணிய வச்சு நான் என்ன செய்ய, மொகம் பாக்கவா? என் பெட்டி கெட்டியாச்சு அண்ணாச்சி."

கடைசி வாக்கியம் அவரைத் தைத்திருக்க வேண்டும். அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். தம் மீனின்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கவே போனார். தவளைக்குஞ்சை மாட்டி வீசினார். நல்ல முழநீள விரால் ஒன்று அகப்பட்டது. அதனைச் சாம்பலில் புரட்டி, அரிவாள்மணையில் வைத்து, எல்லோருக்கும் எதிரில் வயிற்றைக் கீறினார். உள்ளே ஒரு புழுகூட இல்லை. இருந்தவை கப்பிகள், சிலவற்றின் வாலில் சிவப்பும் நீலமும் இன்னும் மங்காமல் மினுங்கின.

அண்ணாச்சி கப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பின்னர், "பூராவும் பிடிச்சிரணும்" என்றார். அவ்வளவுதான்.

இங்கே என் வாசகர்களுக்கு அந்தத் தெளிவின் மர்மத்தை விளக்கிவிட விரும்புகிறேன். நானே அதனைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாக உணர்ந்தேன். விரால் தண்ணீரைக் கழுவவில்லை. விரால் கப்பியைத் தின்றது, தின்பாரற்ற தத்துப்பூச்சிகள் பெருகின, பெருகிய தத்துப்பூச்சிகள் பச்சையை மேய்ந்து தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. அதே காரணத்தால் கொசுப்புழுவும் பெருகியது. திறந்த தண்ணீரில் வாத்துகள் அதனை வடித்துத் தின்றாலும், நாணலின் அடர்த்திக்குள் அவற்றின் அலகு நுழையவில்லை. மேலே ஒரு வாயைக் கூட்டினால் கீழே நாலு படிகளும் குலுங்குகின்றன! உச்சியில் விட்ட ஒரு மீன் தண்ணீரின் நிறத்தையே மாற்றும் என்பதை எண்ணும்போது, எழுபது வயதைக் கடந்த இந்நாளிலும் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

விரால் வேட்டை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு நடந்தது. மழை ஓய்ந்து நாளாகிவிட்டதால் குட்டை இடுப்பளவுக்கு வற்றியிருந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து உடைந்த காய்கறிக் கூடைகளைச் சேகரித்து வந்த அண்ணாச்சி, அவற்றின் அடியைத் தட்டி நீக்கி, ஊரில் குளம் வற்றும் காலத்தில் சேற்றில் குத்தி மீனை மடக்கும் "ஊத்தா"வாக மாற்றினார். அதன் மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். வாப்பா கைலியை மடித்துக் கட்டி இறங்கினார், இட்லிக்காரர்கள் இறங்கினார்கள், அடுத்த சந்து மராத்தியர்கள் கரையில் நின்று "தமிழ்க்காரங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று தம் மொழியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் பிறகு தாங்களும் இறங்கினார்கள். சேறு தலைக்கு மேல் தெறித்தது. மடக்கிய கூடைக்குள் விரால் வாலடிக்கும் அதிர்வு மணிக்கட்டு வழியே தோளுக்கு ஏறுகையில் பெரியவர்களும் குழந்தைகளைப் போலக் கூவினார்கள்.

"ஏலே, விடு! அது விரால் இல்லலே, என் காலு!"

"காலா? நான் பெரிய விரால்னுல்லா நெனச்சேன்!"

அன்றிரவு சந்தெங்கும் குழம்பு மணத்தது. நடுத்துண்டு சாச்சியின் வாசலுக்கு வந்தது, கொண்டுவந்தவர் அண்ணாச்சியே. அவர் தம் வீட்டில் ஒரு வாய் உண்டதாகப் பொன்னி சொல்லவில்லை.

மறுநாள் நானும் பொன்னியும் ரயில் பாதையோரச் சாக்கடைகளில் கப்பி அரித்து, இட்லிப் பானைகளில் சுமந்துவந்து கொட்டினோம். என் புட்டியையும் கவிழ்த்தேன். பிறகு காத்திருந்தோம். ஒவ்வொரு காலையும் ஓடிப்போய்க் கையை விடுவோம், விரல்கள் பளிச்சென்று தெரியும், மனம் சோரும். ஒரு காலை, நகங்களின் மேல் மெல்லிய புகை படர்ந்தது போலிருந்தது. அடுத்த சில நாள்களில் விரல்கள் மங்கின. பின் ஒருநாள் மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை! "பச்சை வந்துட்டு! பச்சை வந்துட்டு!" என்று நாங்கள் சந்து முழுதும் கத்திக்கொண்டு ஓடினோம். குட்டை பச்சையானதற்காக இட்லிக்காரர்கள் வெளியே வந்து மகிழ்ந்தது பம்பாயின் வரலாற்றிலேயே அப்போது மட்டுந்தான் நிகழ்ந்திருக்கும்.

மலேரியாக்காரர் வந்தார். பின்னால் எண்ணெய் டப்பாவைச் சுமந்து ஓர் ஆளும் வந்தான். சாச்சி தம் வாசலில், பூட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கரண்டி நாணலோரத்தில் இறங்கியது, ஏறியது. அவர் அதனை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். வேறோர் இடத்தில் முக்கினார். நாணலை விலக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போய் முக்கினார். பிறகு கரண்டியைக் கவிழ்த்து உதறிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "சாஃப் ஹை, மௌசி" என்றார். டப்பாக்காரனைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

சாச்சி எழுந்து பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மறுபடி கொடியில் போட்டார்.

இப்போது நான் பம்பாய்க்கு அப்பால் கோபர்கைரனேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். தாராவியில் அந்தக் குட்டை இல்லை. நான் திருமணமாகிப் போன சில ஆண்டுகளுக்குப் பின் அதனை மண்ணிட்டு நிரப்பி மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். நாணல் இல்லை, கொக்கு வருவதில்லை, கழனி சிமெண்டுக் குழாய்க்குள் போய்க் கண்ணுக்கு மறைகிறது. அண்ணாச்சி இல்லை. பொன்னியின் பேரப்பிள்ளைகள் கடைக் கண்ணாடித் தொட்டியில் கப்பி வாங்கி, பொட்டலத் தீனி போடுகிறார்கள். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் பச்சையானால் முகஞ்சுளித்துக் கொட்டிவிடுகிறார்கள்.

ஆனால் குட்டையை மூடிய நாளிலும் சாச்சி ஊருக்குப் போகவில்லை. அதற்குள் அவர் முட்டை விற்ற வருவாயில் காலூன்றிவிட்டிருந்தார். குடிசைக்கு ஈடாக அந்தக் கட்டடத்திலேயே அவருக்கு ஓர் அறை கிடைத்தது. கடைசி மூச்சு வரை அங்கேயே இருந்தார். முதன்முறை நான் அங்கே போனபோது, சன்னலைத் திறந்து கீழே நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளைக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரியா நடுக் குட்டைக்கு மேலதான்ட்டி கட்டில் போட்டிருக்கேன். வாத்துக்குப் பதிலா இப்ப நான் மிதக்குதேன்."